கம்ஃபியுஐ: மிஸ்ஸிங் நோடுகளை இன்ஸ்டால் செய்தும் சிவப்பாகவே இருந்தால்

கம்ஃபியுஐ என்பது நோடுகள் எனும் பெட்டிகளை இணைத்து ஏஐ படங்களை உருவாக்கும் மென்பொருள். அதில் விடுபட்ட நோடுகளை இன்ஸ்டால் செய்தும் அவை சிவப்பாகவே நிற்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். மேனேஜரில் (கூடுதல் நோடுகளைச் சேர்க்க உதவும் துணைக்கருவி) 'இன்ஸ்டால் மிஸ்ஸிங் கஸ்டம் நோட்ஸ்' கொடுத்து, ரீஸ்டார்ட் செய்த பிறகும் நோடுகள் சிவப்பாகவே இருக்கின்றன என்றால், அவற்றைத் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்வதில் பயனில்லை. பெரும்பாலும் நோடு வந்திருக்கும், அதற்குத் தேவையான பைத்தான் லைப்ரரிதான் வந்திருக்காது.

நீங்கள் பயன்படுத்துவது விண்டோஸ் போர்ட்டபிள் பதிப்பு (ஃபோல்டரிலிருந்தே நேரடியாக ஓடுவது) என்கிறீர்கள். அதற்குள்ளேயே தனியாக ஒரு பைத்தான் இருக்கிறது. டெர்மினலில் வெறுமனே பிப் (பைத்தான் லைப்ரரிகளை இன்ஸ்டால் செய்யும் கருவி) கட்டளை கொடுத்தால் லைப்ரரி உங்கள் சிஸ்டம் பைத்தானுக்குப் போய்விடும், கம்ஃபியுஐ அதைப் பார்க்கவே பார்க்காது. நானும் ஒரு மாலைப் பொழுதை இப்படித்தான் தொலைத்தேன்.

1. கம்ஃபியுஐ துவங்கும்போது கருப்புத் திரையில் 'இம்போர்ட் ஃபெயில்ட்' என்ற வரியைத் தேடுங்கள். அதற்குச் சற்று மேலே 'நோ மாட்யூல் நேம்ட்' என்று எந்தப் பெயர் வருகிறது?

2. கம்ஃபியுஐயை மூடிவிட்டு, போர்ட்டபிள் ஃபோல்டருக்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையைக் கொடுத்து, அதன் வழியாகவே பிப்பை ஓட்டுங்கள். அந்த நோடின் ஃபோல்டரில் உள்ள ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பை (தேவையான லைப்ரரிகளின் பட்டியல்) காட்டினால் போதும். அப்புறம் மறுபடி துவக்குங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: சில நோடுகளின் பட்டியல், பல நோடுகளுக்கும் பொதுவான நம்பை, டார்ச் போன்ற லைப்ரரிகளை வேறு பதிப்புக்கு மாற்றிவிடும், நேற்றுவரை ஓடிய மற்ற நோடுகள் படுத்துக்கொள்ளும். அதனால் இரண்டாம் படிக்கு முன்பே, அதே போர்ட்டபிள் பைத்தான் வழியாக பிப் ஃப்ரீஸ் கொடுத்து இப்போதைய பதிப்புகளை ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள்.

வரியில் 'நோ மாட்யூல்' இல்லாமல் வேறு ஏதாவது வந்தால், அதை அப்படியே இங்கே ஒட்டுங்கள், பார்க்கலாம்.