இரு பெயர்கள், ஓர் இசையமைப்பாளர்

கேள்வி: மின்சாரம் இல்லாத காலத்தில் மின்பிறப்பாக்கியை இயக்கி அயலவர்கள் கூடிப் பார்த்த ‘அ பிஸ்ட்புல் ஒஃப் டொலர்ஸ்’ என்னும் கௌபோய் படத்தின் இறுவட்டு அண்மையில் கிடைத்தது. எழுத்தோட்டத்தில் இசை ‘டான் சாவியோ’ என்றிருக்கிறது. மாமாவோ எனியோ மொரிக்கோனி என்கிறார். எது சரி?
– வாசகர், மாங்குளம்

பதில்: உங்கள் மாமா சொல்வதே சரி, ஆயினும் இறுவட்டும் பொய் சொல்லவில்லை. 1964இல் வெளியான இப்படம் இத்தாலியர்கள் ஸ்பெயினில் எடுத்தது. அமெரிக்கப் படமென்று நம்பினால்தான் இரசிகர்கள் வருவார்கள் எனக் கருதியதால், இயக்குநர் செர்ஜியோ லியோனி ‘பொப் ரொபர்ட்சன்’ ஆனார், வில்லனாக நடித்த ஜான் மரியா வொலொந்தே ‘ஜோன் வெல்ஸ்’ ஆனார், மொரிக்கோனி ‘டான் சாவியோ’ ஆனார். லியோனியும் மொரிக்கோனியும் ரோமில் ஆரம்பப் பாடசாலையில் ஒன்றாகப் படித்தவர்கள் என்பது சுவையான செய்தி.

பெயரை விட்டுவிட்டுக் காதை நம்பினாலும் இதே முடிவுக்கே வரலாம். சீழ்க்கை, சாட்டையொலி, மின்கிற்றார் ஆகியவற்றைக் கோத்த அந்த முகப்பிசைக்கு, அமெரிக்க நாட்டார் பாடகர் வூடி கத்ரியின் பாடலொன்றுக்கு மொரிக்கோனி முன்னரே செய்திருந்த இசைக்கோப்பே அடிப்படை. சீழ்க்கையடித்தவர் அலெஸ்ஸாந்த்ரோ அலெஸ்ஸாந்த்ரோனி. அவரையே இசையமைப்பாளராகக் கருதுவோரும் உண்டு.

இறுவட்டு உறைகளை மட்டும் நம்பவேண்டாம். 1966ஆம் ஆண்டின் ‘த குட், த பேட் அன்ட் த அக்லி’ படத்தின் முகப்பிசையை ஹியூகோ மொன்டினீக்ரோ தமது குழுவுடன் மீள இசைத்து 1968இல் பெருவெற்றி கண்டதால், அதையும் பலர் அவருடையதென்றே எழுதிவிடுகின்றனர். மூலம் மொரிக்கோனியுடையதே.