நிறுத்திய மாத்திரை எப்போது நிற்கும்?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. துடிப்பு தாறுமாறாக ஓடுவதற்கு அமியோடரோன் சாப்பிட்டு வந்தார். தைராய்டு கெட்டதால் மூன்று வாரம் முன்பு நிறுத்தினார்கள். இப்போது வேறொரு மருத்துவர் சோட்டலால் எழுதியிருக்கிறார். "பழையதைத்தான் நிறுத்தியாச்சே, இன்னைக்கே போடுங்க" என்கிறார் மருந்துக்கடைக்காரர். போடலாமா?

பதில்: இன்று வேண்டாம். முதலில் ஈசிஜி எடுங்கள், அதோடு எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பேசுங்கள்.

அமியோடரோன் உடம்புக் கொழுப்பில் போய்த் தங்கிவிடும். பாதியாகக் குறையவே சராசரியாக இரண்டு மாதம் பிடிக்கும். ஆக, சோட்டலாலை இன்று ஆரம்பித்தால் அம்மாவின் இதயத்தில் இரண்டு மருந்தும் சேர்ந்தே வேலை செய்யும்.

ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயத்தசையின் மின்னோட்டம் அடங்க வேண்டும். செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியேறினால்தான் அடங்கும். இரண்டு மருந்துமே அந்த வழியை அடைப்பவை. அடங்குவது தாமதமாகி, ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீளும். அது 500 மில்லிசெகண்டைத் தாண்டினால், பாதி அடங்கிய தசையில் அடுத்த துடிப்பு கிளம்பி மயக்கம் வரலாம், உயிரே போகலாம். நாடியையும் இரண்டும் குறைக்கும். நாடி குறைந்தால் இந்த ஆபத்து கூடும்.

க்யூடி 450க்குள் இறங்கிய பிறகு, ரத்தத்தில் பொட்டாசியம், மெக்னீசியம், சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்த்துவிட்டு, மானிட்டர் உள்ள ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்துத் தொடங்குவதே முறை.

மருந்துக்கடை விஷயத்துக்கு வருகிறேன். இருமலா, அசித்ரோமைசின். வயிறு உப்புசமா, டோம்பெரிடோன். சீட்டே கேட்பதில்லை. இரண்டுமே க்யூடியை நீட்டுபவை. இதில் டோம்பெரிடோன், 'கேஸ் மாத்திரை' என்று தரும் பான்டோப்ரசோல் காப்ஸ்யூலுக்குள் ஒளிந்திருக்கும். அட்டையின் பின்னால் பொடி எழுத்தைப் படித்தால்தான் தெரியும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்கேன் விவரம் நாலு பக்கம் போடுகிறார்கள், எந்த மருந்தை எந்தத் தேதியில் நிறுத்தினோம் என்று ஒரு வரி எழுத மாட்டார்கள். நீங்களே எழுதிக் காட்டுங்கள்.

ஒன்று, இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். குறிப்பாக, துடிப்பைச் சீராக்கும் ஃப்ளெகைனைடோடு, நாடியைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் சாப்பிடுபவர்கள். அது தெரிந்தே சேர்த்த ஜோடி. ஃப்ளெகைனைடை மட்டும் தனியாகச் சாப்பிட்டால், இதயத்தின் மேலறையின் ஓட்டம் மெதுவாகி, ஒன்றுவிடாமல் கீழறைக்கு இறங்கி நாடி 200ஐத் தொடலாம். மெட்டோப்ரோலால் நடுவில் நின்று மறிக்கிறது. 'பிரஷர் நார்மல்தானே' என்று அதை விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. பிரஷருக்காக அதைக் கொடுக்கவில்லை.

அம்மாவுக்குத் தலைசுற்றலோ மயக்கமோ வந்தால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். நேரே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், இரண்டு மருந்தின் அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு.