கடலில் படகை நிறுத்திக் கேட்க யாருக்கு அதிகாரம்?

"சின்ன மீன்பிடிப் படகு வைத்திருக்கிறேன். ஒரு நாள் மீன்வளத் துறைக்காரர்கள் நிறுத்துகிறார்கள், இன்னொரு நாள் கடலோரக் காவல் படை, கரைக்கு வந்தால் சுங்கத் துறை. ஆனால் கடலில் எண்ணெய் மிதக்கிறது என்று நான் புகார் சொன்னால் 'அது எங்கள் வேலை இல்லை' என்கிறார்கள். கடலுக்கு யார்தான் பொறுப்பு?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஒரே ஆள் என்று எந்த நாட்டிலும் கிடையாது. நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள், விஷயம் மீனா சரக்கா ஆளா கழிவா, படகில் எந்த நாட்டுக் கொடி, இந்த மூன்றையும் வைத்துத்தான் ஒரு அதிகாரியின் கை எதுவரை நீளும் என்பது முடிவாகிறது.

தூரக் கணக்கு 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் இருக்கிறது, அதில் சேராத அமெரிக்காவும் பெரும்பாலும் இதையே பின்பற்றுகிறது. பொதுவாக, கடல் வற்றும்போது நீர் நிற்கும் கரையோரக் கோட்டிலிருந்து அளக்கிறார்கள். முதல் 12 கடல் மைல் (சுமார் 22 கி.மீ.) நாட்டின் சொந்தக் கடல், நிலத்தில் உள்ள சட்டம் அங்கேயும் செல்லும். வெளிநாட்டுக் கப்பல் தொந்தரவு தராமல் கடந்து போகலாம், போகிற வழியில் வலை போட்டால் அந்தச் சலுகை போச்சு. 24 மைல் வரை சுங்கம், வரி, குடிவரவு, சுகாதாரம் தொடர்பான மீறல்களுக்காக நிறுத்தலாம். அதற்கப்புறம் 200 மைல் வரை நாட்டுக்கு மீன், எண்ணெய், எரிவாயு போன்ற வளங்கள் மீதுதான் முழு உரிமை. சுங்க அதிகாரி அங்கே வந்து சும்மா போகிற வெளிநாட்டுக் கப்பலின் சரக்கைச் சோதிக்க முடியாது, மீன்வள அதிகாரி மீன்பிடிக் கப்பலில் ஏறலாம்.

பலர் தவறாக நினைக்கிற இடம் ஒன்று உண்டு. அந்த 200 மைல் மண்டலத்தில் மீன்பிடி விதியை மீறியதற்காக வெளிநாட்டுப் படகைப் பிடித்தால், நியாயமான பிணைத்தொகை கட்டியதும் படகையும் ஆட்களையும் சீக்கிரம் விட வேண்டும், நாடுகளுக்குள் தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால் சிறைத் தண்டனையும் கூடாது, கொடி நாட்டுக்கு உடனே தகவல் சொல்லியாக வேண்டும். ஆனால் இந்தப் பாதுகாப்பு 12 மைலுக்குள் பிடிபட்டவருக்குக் கிடையாது, அங்கே அந்த நாட்டுச் சட்டம் சொல்வதுதான். அதனால் பிடித்த இடத்தின் ஜிபிஎஸ் அளவை நீங்களும் குறித்து வைத்திருப்பது வழக்கையே மாற்றிவிடும். தப்பி ஓடும் படகைத் துரத்துவதற்கும் கட்டுப்பாடு உண்டு. முதலில் கண்ணுக்கோ காதுக்கோ எட்டும்படி நிறுத்தச் சொல்ல வேண்டும், துரத்தல் இடையில் அறுந்துவிடக் கூடாது, படகு தன் நாட்டின் 12 மைல் கடலுக்குள்ளோ வேறொரு நாட்டின் 12 மைல் கடலுக்குள்ளோ நுழைந்துவிட்டால் அத்தோடு சரி.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். சொந்த நாட்டுக் கொடியோடு சொந்தக் கடலில் இருக்கும் படகை இவர்களில் யாரும் நிறுத்தலாம், அதில் வாக்குவாதம் வேண்டாம். எந்தத் துறை, எந்தச் சட்டத்தின் கீழ் சோதனை என்று கேட்பது உங்கள் உரிமை, மரியாதையாகக் கேளுங்கள். பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், ஆட்களின் அடையாள அட்டை மூன்றையும் நனையாத ஒரே உறையில் வைத்திருந்தால் பாதிப் பேச்சு குறையும். வலையை எடுத்துக்கொண்டு போனால் ரசீது வாங்காமல் விடாதீர்கள்.

ஆள் தண்ணீரில் விழுந்தாலோ படகு மூழ்கினாலோ மேலே சொன்ன கணக்கு எதுவும் வேண்டாம். விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் சேனலில் கூப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பது எந்த நாட்டுக் கப்பலானாலும் தனக்கு ஆபத்தில்லாதவரை உதவிக்கு வரக் கடமைப்பட்டது.

எண்ணெய்ப் புகார்தான் உண்மையில் சிக்கல். பல நாடுகளில் நடுக்கடலில் மிதந்தால் ஒரு துறை, துறைமுகத்துக்குள் என்றால் துறைமுக நிர்வாகம், கரை ஒதுங்கினால் உள்ளூர் நிர்வாகம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இது மக்களுக்கு வசதியான ஏற்பாடு இல்லை, அதிகாரிகளுக்குக் கை கழுவ வசதியானது என்பது என் கருத்து. வெறுமனே 'எண்ணெய் மிதக்குது' என்றால் தட்டிக்கழிப்பார்கள். இடம், நேரம், காற்று எந்தப் பக்கம், அருகில் போன கப்பலின் பெயர், படலத்தின் நிறம், இவ்வளவையும் சொல்லுங்கள். நிறம் ஏன் என்றால், வானவில் போல மினுங்குவது மிக மெல்லிய படலம், கறுப்போ பழுப்போ என்றால் தடிமன், உடனே ஆள் அனுப்ப வேண்டிய அளவு. கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தை ரேடியோவில் அறிவித்துக்கொண்டே போவதால், சரியான நேரம் கிடைத்தால் அந்த வழியாகப் போனது எது என்று தேடிப் பார்க்கலாம், மாதிரி எடுத்து வைத்திருந்தால் கப்பலின் எண்ணெயோடு ஒப்பிடவும் முடியும். புகாரை முதலில் கடலோரக் காவல் படைக்கு, அதன் நகலைத் துறைமுகத்துக்கும் சுற்றுச்சூழல் துறைக்கும், எழுத்தில் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். 'எங்கள் வேலை இல்லை' என்று யாராவது சொன்னால், யாருடைய வேலை என்பதையும் அதே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.