ஆறாத வாய்ப்புண்ணும் குன்யா பழக்கமும்

கேள்வி: எனக்கு வயது 46. உதட்டின் உட்புறத்திலும் நாக்கின் ஓரத்திலும் அடிக்கடி புண் வருகிறது. புகையிலை சேர்த்த குன்யா (பாக்கும் சுண்ணாம்பும் வைத்து மடித்த வெற்றிலை) போடும் பழக்கம் உண்டு. வயிற்றுச் சூடுதான் காரணம் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், யாங்கோன்

பதில்: வயிற்றுச் சூட்டின்மேல் பழி போடுவது நம்மவரின் பழைய வழக்கம். நடுவில் வெளிறிய மஞ்சளும் சுற்றிலும் சிவப்புமாகத் தோன்றும் சாதாரணப் புண், பல் கடித்ததாலோ, தூக்கக் குறைவாலோ, இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றின் குறைபாட்டாலோ வரலாம். அது பெரும்பாலும் 7 முதல் 14 நாள்களில் தானே ஆறிவிடும். வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளியுங்கள். வலி மிகுந்தால் மருத்துவரிடம் கேட்டு ட்ரையாம்சினலோன் களிம்பை உறங்கும் முன் தடவலாம். மணத்தக்காளிக் கீரையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் அதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது குன்யாதான். சுண்ணாம்பு கன்னத்தின் மென்தோலை அரிக்கிறது. பாக்கோ, புகையிலை சேராவிட்டாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. கண்ணாடி முன் நின்று, குன்யாவை அடக்கும் பக்கத்துக் கன்னத்தை விரலால் விலக்கி, வெள்ளைத் திட்டோ செந்திட்டோ தடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். மிளகாய் பட்டாலே எரிவதும், மூன்று விரல்களை நெடுக்காக நுழைக்கும் அளவுக்கு வாய் திறக்க முடியாமற்போவதும் பாக்கினால் வாயின் மென்தோலுக்கு அடியிலுள்ள திசு இறுகுவதன் அறிகுறிகள். ஒரே இடத்துப் புண் இரண்டு வாரங்களைக் கடந்தும் ஆறாவிட்டால், வலி இல்லையென்றாலும் பல் மருத்துவரிடம் காட்டிச் சதைப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். குன்யாவை இன்றே நிறுத்துங்கள்.