வளர்ச்சி ஊசி யாருக்கு, எப்போது?

கேள்வி: காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு 11 வயது, உயரம் 129 செ.மீ., போன வருடம் 124. வகுப்பிலேயே அவன்தான் குள்ளம். அவன் அப்பச்சி (அப்பா) 165, நான் 152. அப்பச்சியும் பத்தாவது முடித்த பிறகுதான் மளமளவென்று வளர்ந்ததாக அப்பத்தா சொல்கிறார்கள். சொந்தத்தில் ஒரு பிள்ளைக்கு வளர்ச்சி ஊசி போடுகிறார்கள். இவனுக்கும் போட்டுவிடலாமா டாக்டர்?

பதில்: ஆச்சி, இப்போதைக்கு அந்த வளர்ச்சி ஹார்மோன் ஊசி வேண்டாம்.

உயரத்தைவிட வளரும் வேகம்தான் எங்களுக்கு முக்கியம். பருவம் வரும் வரை வருடத்துக்கு 5 செ.மீ. பக்கம் வளர்ந்தால் சரி, 4-க்குக் கீழே இறங்கினால் காரணம் தேட வேண்டும். உங்கள் பையன் 5 வளர்ந்திருக்கிறான். அப்பா அம்மா உயரத்தைக் கூட்டி, பையன் என்பதால் 13 சேர்த்து, இரண்டால் வகுத்தால் 165 வருகிறது, அதையொட்டித்தான் அவன் வளர்வான். அப்பச்சி தாமதமாக வளர்ந்தது நல்ல துப்பு. இடது கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது, அதாவது எலும்பு எந்த வயதுக்கான முதிர்ச்சியில் இருக்கிறது என்பது, ஒன்பது என்று வந்தால் இவனுக்கும் வளரக் காலம் நிறைய இருக்கிறது. கூடவே தைராய்டு, ரத்தசோகை பார்த்துவிடுங்கள்.

ஆனால் அளவு சரியாக எடுத்ததுதானா? நம் பக்கம் வளவு (வீட்டின் உள்முற்றம்) தூணில் நிறுத்தி பென்சில் கோடு போடுவார்கள். உருண்டைத் தூணில் முதுகும் தலையும் படியாது, ஒன்றிரண்டு செ.மீ. தப்பும், அந்தத் தப்பு வருடக் கணக்கையே மாற்றிவிடும். தட்டையான சுவரில், செருப்பில்லாமல், குதிகால் ஒட்ட நிறுத்தி, தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகத்தை மட்டமாக வைத்துக் குறியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதே நேரத்தில்.

வளர்ச்சி ஹார்மோன் சுரப்புக் குறைவு, பெண்பிள்ளைகளுக்கு டர்னர் குறைபாடு (பிறவியிலேயே வரும் குரோமோசோம் குறை), நாள்பட்ட சிறுநீரக நோய், சிறுத்துப் பிறந்து எட்டிப்பிடிக்காத பிள்ளைகள், இவர்களுக்கு ஊசி தருவதில் டாக்டர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை, சீக்கிரம் ஆரம்பிப்பதே நல்லது. உங்கள் சொந்தத்துப் பிள்ளைக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கலாம். நோயே இல்லாமல் குள்ளம் மட்டும் என்றால்தான் கருத்து பிரிகிறது. அமெரிக்காவில் 2003-இல் அதற்கும் அனுமதி கொடுத்தார்கள், ஆனால் வயதுக்கு மிக மிகக் குள்ளமான பிள்ளைகளுக்கு மட்டும். வருடக்கணக்கில் பெரும்பாலும் தினமும் ராத்திரி குத்தி, கிடைப்பது சராசரியாக நாலிலிருந்து ஏழு செ.மீ. மாதாமாதம் பல ஆயிரம் செலவு வேறு. நன்றாக வளரும் பிள்ளைக்கு அந்த ஊசியை எழுத எனக்கு மனசு வராது.

வருட வளர்ச்சி 4-க்குக் கீழே போனாலோ, தலைவலி, காலையில் வாந்தி, பார்வை மங்கல் என்று சொன்னாலோ ஆறு மாதம் காத்திருக்காதீர்கள், உடனே குழந்தைகள் ஹார்மோன் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.