வாசகர் கேள்வி: நியூயார்க் சென்ட்ரல் பார்க்

கேள்வி: மகளைப் பார்க்க நியூயார்க் போகிறோம். எனக்கு மூட்டுவலி. சென்ட்ரல் பார்க்கில் அதிகம் நடக்காமல் எதைப் பார்க்கலாம்? வழி தவறினால் என்ன செய்வது? (வாசகி, திருச்சி)

பதில்: பூங்கா 843 ஏக்கர். 59ஆம் தெருவிலிருந்து 110ஆம் தெரு வரை 4 கி.மீ. நீளம். முழுவதையும் ஒரே நாளில் பார்க்க நினைக்காதீர்கள். கொலம்பஸ் சர்க்கிள் சுரங்க ரயில் நிலையத்தில் லிப்ட் உண்டு. அங்கே இறங்கி, 'தி மால்' என்னும் எல்ம் மரச் சாலைக்குப் போங்கள். அகலமானது, நேரானது. அதன் வடக்கு முனையில் பெதஸ்டா மேடை. நீரூற்றுக்குப் படி இறங்க வேண்டும். இறங்காமல் மேல்தளத்தில் நின்றாலே நீரூற்றும் ஏரியும் நன்றாகத் தெரியும். அங்கிருந்து மேற்கே 72ஆம் தெரு வாசலில் வெளியேறலாம். மொத்தம் இரண்டு கி.மீ. அளவுதான்.

மற்ற பாதைகள் வேண்டுமென்றே வளைத்துப் போடப்பட்டவை. மரங்கள் கட்டடங்களை மறைப்பதால் திசை குழம்பும். அப்போது விளக்குக் கம்பத்தைப் பாருங்கள். அதில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் அருகிலுள்ள தெரு. கடைசி இலக்கம் இரட்டை என்றால் நீங்கள் கிழக்குப் பக்கம், ஒற்றை என்றால் மேற்கு. 7204 என்றால் 72ஆம் தெரு, கிழக்கு. நூறாம் தெருவுக்கு மேலே முதலிலுள்ள 1 விடுபடும்: 03 என்று தொடங்கினால் 103ஆம் தெரு. மகளை அழைக்கும்போது இந்த எண்ணைச் சொன்னால் போதும்.

ஒரு எச்சரிக்கை. உட்சாலைகளில் 2018 முதல் பொதுமக்களின் கார்கள் கிடையாது, ஆனால் சைக்கிள்கள் வேகமாக வரும். அவை கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுகின்றன. கிழக்கு வாசலோ மேற்கு வாசலோ, உள்ளே போகும்போது சைக்கிள் உங்கள் இடப்பக்கமிருந்து வரும். முதலில் வலப்பக்கம் பார்த்தே பழகிய நமக்கு இது ஆபத்து.

கேள்வி: அது பழைய காட்டின் மிச்சமா? (வாசகர், மதுரை)

பதில்: இல்லை. பாறைகள் மட்டும்தான் அந்த மண்ணுக்குரியவை. ஏரிகள் அத்தனையும் வெட்டியவை, குழாய் நீரில் நிரம்புபவை. 1858இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் ஃபிரடெரிக் லா ஓம்ஸ்டெட், கால்வெர்ட் வாக்ஸ் இருவரின் திட்டம் வென்றது. பூங்காவைக் குறுக்கே கடக்க நான்கு சாலைகள் வேண்டும் என்பது போட்டி விதி. அவர்கள் அவற்றைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கினார்கள். வண்டிப் போக்குவரத்து இன்றும் புல்வெளியில் நிற்பவர் கண்ணில் படாமல் போகிறது. குதிரை வண்டிக் காலத்தில் எடுத்த இந்த முடிவுதான் பூங்காவைக் காப்பாற்றியது என்பேன்.

பூங்கா உருவானதற்கு ஒரு விலையும் இருந்தது. 82 முதல் 89ஆம் தெரு வரை மேற்கு ஓரத்தில் செனெகா வில்லேஜ் என்ற ஊர் இருந்தது. பெரும்பாலும் கறுப்பின மக்கள். பலருக்குச் சொந்த நிலம், தேவாலயங்கள், பள்ளி. 1857இல் அவர்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் அங்கே வைத்துள்ள தகவல் பலகைகளைத் தவறாமல் படியுங்கள்.

கேள்வி: நுழைவுக் கட்டணம், நேரம்? (வாசகர், சேலம்)

பதில்: நுழைவு இலவசம், உள்ளிருக்கும் விலங்குக் காட்சிசாலை, படகு போன்றவற்றுக்குக் கட்டணம் உண்டு. காலை 6 முதல் இரவு 1 மணி வரை திறந்திருக்கும். கழிப்பறைகளை அதற்கு வெகு முன்பே பூட்டிவிடுவார்கள்.