தக்கலையில் ஏறும் பெண்

கேள்வி: பத்தாம் வகுப்பு வரை குலசேகரம் பக்கம் எங்க ஊர்ப் பள்ளியில் படித்தேன். இப்போது நாகர்கோவிலில் பிளஸ் ஒன். மூன்று மாதமாகியும் வகுப்பில் ஒரு கூட்டுக்காரி இல்லை. நாலு பேர் இருந்தால் எனக்கு வாயே வராது. ஒருநாள் மிஸ் கேட்டதற்கு "ஓர்மை இல்ல மிஸ்" என்றேன். "மலையாளமா?" என்று வகுப்பே சிரித்தது. அதிலிருந்து, அம்மா மரச்சீனிக் கிழங்கு வைத்துத் தந்தால் டிபன் பாக்ஸைத் திறப்பதே இல்லை. பஸ்ஸில் தக்கலையில் ஏறும் எங்க ஸ்கூல் பெண் ஒருத்தி மட்டும் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அவளும் வேற குரூப். நான் என்ன செய்ய, அக்கா?

பதில்: மக்களே, அந்த 'ஓர்மை'யை முதலில் முடித்துவிடுவோம். நம்ம பக்கம் ஓர்மை என்றால் ஞாபகம். ஓர்தல் என்றால் எண்ணிப் பார்த்தல், சுத்தமான தமிழ். போதாததற்கு, 1956 நவம்பர் 1 வரை நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து ஊரெல்லாம் மலையாளம் பேசும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவை. கல்குளம், விளவங்கோடு தாலுகாப் பேச்சில் மலையாள வாடை அடிக்காமல் வேறென்ன அடிக்கும்? இதையெல்லாம் நானும் வெளியூர் ஹாஸ்டலில் விலாவாரியாகச் சொல்லிச் சண்டை போட்டவள்தான். வாதத்தில் ஜெயித்தேன், கூட்டுக்காரி ஒருத்தியும் கிடைக்கவில்லை. அதனால் வகுப்பைத் திருத்தும் வேலை உனக்கு வேண்டாம். கேலி தினமும் தொடர்ந்தால் மட்டும் வகுப்பு ஆசிரியையிடம் தனியாகச் சொல். அங்கே கேட்காவிட்டால் பள்ளிக் கல்வித்துறையின் 14417-க்கு வீட்டிலிருந்து பேசலாம்.

நான் உன் கடிதத்தில் இரண்டு தடவை வாசித்தது கடைசியில் வந்த அந்த பஸ் விஷயத்தை. நீ குலசேகரத்தில் ஏறுகிறவள். உனக்கு சீட் கிடைக்கும். அவள் தக்கலையில், அந்த நெரிசலில், புத்தகப் பையோடு தொங்கிக்கொண்டு வருவாள். நாளைக்கு அவள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள். பேச்சே வேண்டாம், கையை நீட்டினால் போதும். நம்ம பஸ்ஸில் யாரும் இதைத் தப்பாக எடுக்கமாட்டார்கள். நாகர்கோவில் வர அரைமணி நேரமாவது ஆகுமே. இறங்கும்போது பையைக் கொடுக்கையில் ஒரு வார்த்தை தானாக வரும். வராவிட்டால் மறுநாள் வரட்டும். பையை வாங்க மறந்துவிடாதே.

வேற குரூப் என்று அலுத்துக்கொள்கிறாய். எனக்கென்னவோ அது நல்லதாகத்தான் படுகிறது. மார்க் போட்டி கிடையாது. மத்தியான மணி இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் அடிக்கும். ஒருவாரம் கழித்து, "சாப்பிட எங்கே உட்காருவே?" என்று கேள். அவள் அங்கே நாலைந்து பேரோடு இருந்தால் நீ ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிரு. கேட்கிற ஆளையும் கூட்டத்துக்குப் பிடிக்கும். மரச்சீனியும் மீன்கறியும் கொண்டுபோகிற நாளில் டப்பாவைத் திற. நாகர்கோவில்காரர்கள் என்ன, கிழங்கே தின்னாதவர்களா? முதல் கை யாருடையது என்று மட்டும் பார்.

மறுபடி எழுதும்போது அவள் பெயரைச் சேர்த்து எழுது. இந்தக் கடிதத்தில் அது இல்லை.